தோலில் தொடங்கிய மெலனோமா குடலுக்குப் போனால் எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

"ஸ்கேன் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்." இப்படிச் சொல்பவரிடம் எந்த ஸ்கேன் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவருக்கு அது வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்த அல்ட்ராசவுண்ட். இன்னொருவருக்கு சிடி, மற்றொருவருக்கு பெட் சிடி. மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. தோலில் தொடங்கிய மெலனோமா என்ற புற்றுநோய் உணவுப்பாதைக்குப் பரவியிருக்கிறதா என்று தேடும்போது இந்தக் குழப்பம் உண்மையிலேயே கெடுதல் செய்கிறது.

எவ்வளவு கெடுதல் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். மெலனோமாவால் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை ஆய்வுகளில் 60% பேர் வரை உணவுப்பாதையில் பரவல் இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே அது கண்டறியப்படுவது 5%-க்கும் குறைவானவர்களிடம்தான். அந்த இடைவெளி ஏன் வருகிறது, எந்தச் சோதனை அதை எவ்வளவு குறைக்கும் என்பதைப் பார்ப்போம்.

## எந்தத் தோல் புற்றுநோய்?

தோல் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் முக்கியமானவை மூன்று. பேசல் செல் வகை இருந்த இடத்திலேயே அரித்துக்கொண்டு போகும், தொலைவுக்குப் பரவுவது மிக அரிது. ஸ்குவாமஸ் செல் வகை பரவினால் பெரும்பாலும் முதலில் பக்கத்து நிணநீர்க் கட்டிகளுக்குப் போகும். மூன்றாவதுதான் மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்களில் தொடங்குவது. மூன்றிலும் எண்ணிக்கையில் குறைவு, பரவுவதில் முதலிடம்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இது மிக அதிகம். அங்கே வெயில் படும் வெள்ளைத் தோலில் வருகிறது. நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு அரிது, ஆனால் வராமல் இல்லை. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, மலவாய் போன்ற, யாரும் உற்றுப் பார்க்காத இடங்களில் வருகிறது. காலில் ஆறாத கறுப்புப் புண்ணை ஆணி என்று நினைத்துக்கொண்டே பல மாதங்கள் ஓடிவிடும்.

குடலுக்குப் பரவிய மெலனோமாவைக் "குடல் புற்றுநோய்" என்று சொல்வது தவறு. ஆடு தின்று போட்ட விதை அடுத்த ஊர் ஏரியில் முளைத்தாலும் சீமைக்கருவேலம் சீமைக்கருவேலம்தான். குடலில் வளர்ந்தாலும் அது மெலனோமாதான், மருந்தும் மெலனோமாவுக்கான மருந்துதான்.

உணவுப்பாதையில் அது அதிகம் போய்ச் சேரும் இடம் சிறுகுடல். பெருங்குடலும் இரைப்பையும் அடுத்தடுத்து. உணவுக்குழாயில் மிக அரிது. சிறுகுடலுக்கு ஏன் இந்த ஈர்ப்பு? சில வெள்ளணுக்கள் சிறுகுடலைத் தேடிப் போவதற்குத் தம் மேற்பரப்பில் ஒரு முகவரிச் சீட்டு வைத்திருக்கின்றன. சிசிஆர்9 என்று அதற்குப் பெயர். சில மெலனோமா செல்களிலும் அதே சீட்டு இருக்கிறது. முழு விளக்கமும் இதுவே ஆகிவிடாது, ஆனாலும் வலுவான ஒரு காரணம்.

## குடல்சுவருக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெயிண்ட், அதன் அடியில் பூச்சு, அதற்கும் உள்ளே செங்கல். குடல்சுவரும் அப்படித்தான். உணவு தொடும் பக்கம் இருப்பது சளிச்சவ்வு, அது பெயிண்ட். அதன் அடியில் ரத்தக்குழாய்கள் ஓடும் மெத்தென்ற அடுக்கு, அது பூச்சு. அதற்கு அப்பால் தசை, அது செங்கல்.

குடலிலேயே பிறக்கும் வழக்கமான புற்றுநோய் பெயிண்டில் தொடங்குகிறது. மெலனோமா பெரும்பாலும் ரத்தத்தில் மிதந்து வருவதால் பூச்சில் இறங்குகிறது. சுவரில் ஓதம் ஏறினால் பெயிண்ட் கிழியாமலே உப்பிக்கொண்டு நிற்குமே, ஆரம்பத்தில் அதே தோற்றம்தான். சளிச்சவ்வு முழுதாக இருக்கும், அடியில் ஒரு முண்டு.

முண்டு பெரிதாகும்போது அதன் உச்சிக்கு ரத்தம் போதாமல் போகிறது. உச்சி அழுகிக் குழி விழுகிறது. மேலிருந்து பார்த்தால் நடுவில் துளை உள்ள உளுந்து வடை போல இருக்கும். பேரியம் குடித்து எடுக்கும் பழைய எக்ஸ்ரேயில் இந்தத் தோற்றம்தான் முதலில் பேர்பெற்றது. வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிவதால் டார்கெட் என்று எழுதுவார்கள்.

அந்தக் குழி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ஒரு நாளில் கசியும் அளவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் கசிந்தால் ஹீமோகுளோபின் இறங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மலம் தார் போலக் கறுக்கும். இங்கே ஒரு வலை இருக்கிறது. சோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்ததும் அதனாலேயும் மலம் கறுக்கும். "மாத்திரையால்தான்" என்று விட்டுவிட்டால் கசிவு மறைந்துகொள்ளும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான பரிசோதனையை மாத்திரை தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.

இன்னொரு வேறுபாடும் ஸ்கேன் படத்தில் உதவும். வழக்கமான குடல் புற்றுநோய் குடலை வளையம் போட்டு இறுக்கும். பெரிய மெலனோமா கட்டி பல நேரம் தசையையும் அரித்துவிடுவதால் குடல் அந்த இடத்தில் தொய்ந்து விரிந்துபோகும். கட்டி எலுமிச்சை அளவு இருந்தும் அடைப்பு வராமல் இருப்பது இதனால்தான். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் இதே போல விரிக்கும் என்பதால் படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

சுருக்கமாக: ரத்தம் வழியே வருகிறது, சளிச்சவ்வுக்கு அடியில் வளர்கிறது, பிறகு குழி விழுந்து கசிகிறது. வலியும் அடைப்பும் தாமதமாகவே வரும்.

## பக்கெட்டில் போட்ட ஈர வேட்டி

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். நனைந்த எட்டு முழ வேட்டியைச் சுருட்டி பக்கெட்டில் போட்டுவிட்டு, அதை விரிக்காமல், அதில் ஒரு மாம்பழக் கறை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படியோ, சிறுகுடலில் ஒரு சென்டிமீட்டர் முண்டைத் தேடுவதும் அப்படித்தான். மடிப்பு மேல் மடிப்பு, உள்ளே காற்று, போதாததற்கு அது நெளிந்துகொண்டே இருக்கும்.

அல்ட்ராசவுண்ட் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. ஒலி அலை காற்றைத் தாண்டாது, குடல் முழுக்கக் காற்று. கல்லீரலில் உள்ள பரவலை அது நன்றாகவே காட்டும். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தால் அதையும் காட்டலாம். ஆனால் "அல்ட்ராசவுண்ட் நார்மல்" என்பதை வைத்துச் சிறுகுடல் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

எண்டோஸ்கோபி வாய்வழியே போய் முன்சிறுகுடல் வரைதான் எட்டும். கொலோனோஸ்கோபி கீழிருந்து பெருங்குடல் முழுவதையும் பார்த்துச் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரைத் தொட்டுத் திரும்பும். இரண்டும் நார்மல் என்றாலும் நடுவில் பல மீட்டர் யாரும் பார்க்காததாகவே கிடக்கிறது.

## சிடி: துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது

சிடி என்பது உடலைச் சுற்றிவரும் எக்ஸ்ரே. பக்கெட்டையே மெல்லிய துண்டுகளாக அறுத்து ஒவ்வொரு துண்டையும் பார்ப்பது போன்றது. வேட்டி மடிந்தே கிடந்தால் துண்டு எவ்வளவு மெல்லியதாக இருந்தும் பயனில்லை. சுருங்கிய குடல் தடித்த குடல் மாதிரியே தெரியும், மடிப்புக்கும் முண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வழக்கமான வயிற்று சிடி-யில் இந்தப் பரவல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தப்பிவிடுகிறது.

அதனால் குடலை நீரால் நிரப்பி விரித்துவிட்டு எடுக்கும் முறை ஒன்று உண்டு. சிடி என்டெரோகிராபி என்று பெயர். வெறும் தண்ணீர் பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் உறிஞ்சப்படாத ஒன்றைக் கலக்க வேண்டும். நம் ஊர் மையங்கள் பலவற்றில் அது மானிட்டால். 20% மானிட்டால் 225 மில்லியை 1,275 மில்லி தண்ணீரில் கலந்தால் ஒன்றரை லிட்டரில் 3% கரைசல் கிடைக்கும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்தவர், இதை 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே மூச்சில் குடித்தால் குமட்டி வாந்தி வரும், அல்லது ஸ்கேன் தொடங்கும்போது தண்ணீர் பெருங்குடலுக்கே போய்விட்டிருக்கும். பாதியோடு நிறுத்தினால் சிறுகுடலின் மேல்பாதி சுருங்கியே இருக்கும். இனிப்பும் வழவழப்புமாக இருப்பதால் கடைசி டம்ளரை யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிடுபவர்கள் உண்டு. அந்த டம்ளர்தான் மேல்குடலை விரிக்கும் டம்ளர். முழுதும் குடிக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள், அறிக்கை எழுதுபவருக்கு அது தெரிய வேண்டும். அடைப்பு இருப்பவர்களுக்கு இந்தக் குடிப்பு கூடாது.

படுக்க வைத்ததும் குடலின் நெளிவை நிறுத்தப் பல மையங்களில் ஓர் ஊசி போடுவார்கள். கண் அழுத்த நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் முன்பே சொல்ல வேண்டியது இதற்காகத்தான். பிறகு படத்தில் உறுப்புகளைப் பிரித்துக் காட்டும், அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து, உடல் எடையைப் பொறுத்து 100 மில்லி அளவில், நரம்பில் வேகமாக ஏறும். உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். அது இயல்பு, சில விநாடியில் போய்விடும். மருந்து ஏறத் தொடங்கி 45 முதல் 50 விநாடியில் குடலின் சளிச்சவ்வு பளிச்சென்று ஒளிரும், 70 விநாடி வாக்கில் கல்லீரல் நன்றாகத் தெரியும். மெலனோமா கட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் தண்ணீரின் கறுப்புப் பின்னணியில் அதுவும் வெளிச்சமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வாய்வழியே வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்டைக் கொடுத்துவிட்டால் வெள்ளைக்குள் வெள்ளையாக இது மறைந்துபோகும்.

சிடி-யில் தேடும் தோற்றங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: குடல் செருகல். முழுக்கைச் சட்டையின் கையை முனையில் பிடித்து உள்ளே தள்ளினால் துணிக்குள் துணி போகும் இல்லையா, அதே போல முண்டை உணவு என்று நினைத்துக் குடல் கீழே தள்ள, அதோடு சுவரும் சேர்ந்து அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடும். குறுக்குவெட்டில் வளையத்துக்குள் வளையம், நெட்டுவெட்டில் உள்ளே கொழுப்போடு தடித்த ஓர் உருளை. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் கட்டி இல்லாமலே வரும். பெரியவர்களுக்கு வலியோடும் அடைப்போடும் வந்தால் முனையில் ஏதோ ஒன்று இருக்கும் என்றே தேட வேண்டும். அடைப்பில்லாமல், 3.5 சென்டிமீட்டருக்குக் குறைவான நீளத்தில், வேறு காரணத்துக்கு எடுத்த சிடி-யில் தற்செயலாகத் தெரியும் செருகல் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

சுருக்கமாக: சிடி உருவத்தைக் காட்டும். குடல் விரிந்திருந்தால்தான் உருவம் தெரியும்.

## பெட் சிடி: சர்க்கரை எங்கே சேர்கிறது?

புற்றுச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்கும் என்பதை 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் கவனித்தார். அந்தப் பழக்கத்தை வைத்தே பெட் ஸ்கேன் பொறி வைக்கிறது. எஃப்டிஜி என்பது குளுக்கோஸ் போலவே இருக்கும் ஒரு போலி, அதில் கதிரியக்க ஃப்ளோரின் ஒட்டியிருக்கும். 1976-ல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து முதல் படி வேலையைச் செய்துவிடும். அடுத்த படிக்கு அது பொருந்தாது, வெளியேயும் வர முடியாது. பறிக்குள் நுழைந்த மீன் போல அங்கேயே தங்கும். அதிகம் விழுங்கிய இடம் அதிகம் ஒளிரும். கூடவே எடுக்கும் சிடி அந்த ஒளி எந்த உறுப்பில் இருக்கிறது என்று சொல்லும். மெலனோமா எஃப்டிஜியை நன்றாகவே விழுங்கும் புற்றுநோய் என்பதால் இந்தச் சோதனை இதற்குப் பொருத்தமானது.

சிக்கல் என்னவென்றால் குடலும் சர்க்கரை விழுங்கும். தசை இயக்கம், கிருமிகள், அழற்சி, எல்லாமே ஒளிரும். படத்தைப் படிப்பவர் பார்ப்பது வடிவத்தை. குடலின் நீளத்துக்கு நீண்டு ஓடும் மங்கல் ஒளி இயல்பானதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். புள்ளி வைத்தது போல ஓரிடத்தில் குவிந்த ஒளி சந்தேகத்துக்குரியது, அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அறிக்கையில் எஸ்யூவி என்று ஓர் எண் இருக்கும். ஊசியில் போட்ட மருந்து உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் இருக்கும் அளவைப் போல இந்த இடத்தில் எத்தனை மடங்கு இருக்கிறது என்பதே அது. கல்லீரலில் பொதுவாக 2 முதல் 3 இருக்கும். எண் பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் சிறிதாக இருப்பதால் நிம்மதி அடைவதும் இரண்டுமே தவறு. காசநோய்ப் புண்ணும் பெரிய எண் காட்டும், 5 மில்லிமீட்டர் மெலனோமா எண்ணே காட்டாமல் போகலாம். அந்த அளவுக்குக் கீழே இந்த இயந்திரத்தின் கண் எட்டாது.

தயாரிப்பு இங்கே சோதனையின் பாதி. ஆறு மணி நேரம் உணவு இல்லை, வெறும் தண்ணீர் குடிக்கலாம். காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடக் கூடாது. ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உண்மைச் சர்க்கரையோடு போலி போட்டிபோட முடியாமல் தோற்கும். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி கூடாது. ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் பேசாமல், போர்வை போர்த்திக்கொண்டு, அசையாமல் இருக்க வேண்டும். இந்த ஃப்ளோரின் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைவது. உங்களுக்கென்று அன்று காலை வந்த மருந்து நீங்கள் தாமதமாக வந்தால் கரைந்துகொண்டே இருக்கும்.

மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனிக் குழப்பம். அந்த மாத்திரை குடலைப் பிரகாசமாக ஒளிரச் செய்து கட்டியை மறைக்கும். அதனால் பெட் ஸ்கேனுக்கு முன்பு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, 48 மணி நேரம் நிறுத்துவது வழக்கம். கான்ட்ராஸ்ட் சிடி-க்கும் மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது வேறு காரணம்: சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் மாத்திரை உடலில் தேங்கி அமிலம் கூடும் என்பதற்காக, ஸ்கேனிலிருந்து 48 மணி நேரம் பின்னால் நிறுத்துவது. ஒன்று முன்னால், மற்றது பின்னால். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொந்தமாக நிறுத்திவிட்டுச் சர்க்கரை 280-ல் வந்து நிற்பவரைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி: ஸ்கேன் எங்கிருந்து எங்கே வரை? வழக்கமான பெட் தலையின் அடியிலிருந்து நடுத்தொடை வரைதான். உள்ளங்காலில் தொடங்கிய மெலனோமாவுக்குக் கால் விரல் வரை எடுக்கச் சொல்ல வேண்டும். மூளை எப்போதுமே சர்க்கரையில் மூழ்கிக் கிடக்கும் உறுப்பு என்பதால் அங்கே உள்ள பரவலை பெட் நம்பும்படி காட்டாது. அதற்குத் தனியாக, காந்தத்தை வைத்துப் படமெடுக்கும் எம்ஆர்ஐ.

## எம்ஆர்ஐயும் விழுங்கும் கேமராவும்

எம்ஆர்ஐயில் மெலனின் ஒரு தனித்தன்மை காட்டும். டி1 என்ற வகைப் படத்தில், கான்ட்ராஸ்ட் போடும் முன்பே வெள்ளையாகத் தெரியும். ரத்தக் கசிவும் கொழுப்பும் அப்படித் தெரியும் என்பதாலும், நிறமி இல்லாத மெலனோமாக்கள் நிறைய உண்டு என்பதாலும் இதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்வார்கள். மலவாயிலேயே தொடங்கும் மெலனோமாவை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவுவதுண்டு, அதன் ஆழம் எவ்வளவு என்று காண எம்ஆர்ஐதான் சரி. அது பரவி வந்ததல்ல, அங்கேயே பிறந்தது.

விழுங்கும் கேமராவான கேப்சூல் எண்டோஸ்கோபி 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 11 மில்லிமீட்டர் அகலம், 26 மில்லிமீட்டர் நீளம், தொடக்கத்தில் வந்தவற்றில் விநாடிக்கு இரண்டு படம், எட்டு மணி நேரம். வேட்டியின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய்வரும் எறும்பு என்று வைத்துக்கொள்ளலாம். சளிச்சவ்வில் குழி விழுந்திருந்தால் அருமையாகக் காட்டும், பூச்சுக்குள்ளேயே இருக்கும் முண்டைத் தாண்டிப் போய்விடக்கூடும். குறுகிய இடத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதால் சந்தேகம் இருந்தால் முதலில் சிடி. கேப்சூல் வெளியே வரும் வரை எம்ஆர்ஐ கூடாது.

எந்தப் படமும் பெயர் சொல்லாது. சதைத் துணுக்கு எடுத்து பயாப்சியில் எஸ்100, சாக்ஸ்10, ஹெச்எம்பி45, மெலன்-ஏ போன்ற சாயங்களைப் போட்டுப் பார்த்துத்தான் மெலனோமா என்று உறுதி செய்வார்கள். அதே துணுக்கில் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், மாத்திரை தேர்வு அதைப் பொறுத்தது.

## ரிக்வெஸ்ட் ஃபார்மில் அந்த ஒரு வரி

ஸ்கேன் மையத்துக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் "அனீமியா, காரணம்?" என்று மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு படம் படிப்பவர் புண், பூச்சி, காசநோய், குரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி என்று தேடிப் போவார். சுருங்கிக் கிடக்கும் ஒரு குடல் வளைவில் 12 மில்லிமீட்டர் தடிப்பு தெரிந்தால் மடிப்பு என்று கடந்து போக வாய்ப்பு அதிகம். அதே சீட்டில் "9 ஆண்டுக்கு முன் இடது குதிகாலில் மெலனோமா அறுவை" என்று ஒரு வரி இருந்தால் அந்த 12 மில்லிமீட்டரில் அவர் கண் நின்றுவிடும். மெலனோமா பத்து ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. "மச்சம் எடுத்தேன், அது பழைய கதை" என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பழைய பயாப்சி அறிக்கையின் நகலை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கொண்டு போங்கள், பழைய படங்கள் பதிந்த டிஸ்க்கையும் சேர்த்து.

## சிகிச்சை தொடங்கிய பிறகு

2011-ல் அமெரிக்காவில் இபிலிமுமாப் அனுமதி பெற்றது. 2014-ல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். இவை நம் நோயெதிர்ப்புப் படையின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள். பிரேக் விட்ட படை குடலையும் தாக்கலாம், அதற்கு நோயெதிர்ப்புப் பெருங்குடல் அழற்சி என்று பெயர். சிடி-யில் குடல்சுவர் நீளமாகத் தடித்திருக்கும், பெட்டில் பெருங்குடல் முழுக்க ஒளிரும். தண்ணீராக வயிற்றுப்போக்கு போகிறது என்ற தகவல் இல்லாமல் அந்தப் படத்தைப் பார்ப்பவருக்குப் பரவல் கூடிவிட்டது போலத் தோன்றலாம். நாளைக்கு எத்தனை முறை போகிறது, ரத்தம் இருக்கிறதா என்பதை எழுதிக் கொண்டு போனால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

இன்னொன்று, வெள்ளணுக்கள் கூட்டமாகக் கட்டிக்குள் புகுந்ததால் கட்டி சில வாரம் பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்குவது. சிலருக்கு மட்டுமே நடக்கும். அதனால் முதல் ஸ்கேனில் வளர்ந்தது போலத் தெரிந்தாலும், ஆள் தெம்பாக இருந்தால், நான்கு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்த பிறகே மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுப்பார்கள். அந்த இரண்டாவது ஸ்கேனை முடிந்தவரை அதே மையத்தில், அதே இயந்திரத்தில், அதே பட்டினி நேரத்தோடு எடுங்கள். முதல் முறை ஒன்றரை லிட்டரும் குடித்து, இரண்டாம் முறை அரை லிட்டரோடு நிறுத்தினால், கட்டி மாறியதா குடல் சுருங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.